ஒன்பதாம் வகுப்பில் சந்தியா படித்த ஊர்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருப்பதியில் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான கலந்தாய்வு நடைபெற்ற கூடத்தில், என் மகள் சந்தியா தான் பிறந்த மாவட்டத்துக்கே அயலாள் என்று எனக்குத் தெரிவிக்கப்பட்டது. தெரிவித்தவர் ரங்கையா என்னும் எழுத்தர். அவர் சந்தியாவின் சான்றிதழ்களை ஆண்டு வரிசையில் மேசைமேல் பரப்பி, உள்ளூரில் படித்த ஆண்டுகளுக்கு மட்டும் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து எண்ணினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான்-லோக்கல் அண்டி, மாஸ்டரு."

"யார் நான்-லோக்கல்? கங்காதர நெல்லூருக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். என் மகள் பிறந்தது அங்கே. நான் பிறந்தது அங்கே. என் தாத்தா பிறந்ததும் அங்கேதான்."

"மீ தாதகாரு லா சதவட்லேது கதா?"

உங்கள் தாத்தா சட்டம் படிக்க வரவில்லையே என்று அவர் கேட்டதும், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ரங்கையா கெட்ட மனிதர் அல்லர். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"கோவப்படாதீங்க மாஸ்டரு. கடைசி ஏழு வருஷம் பாக்கணும். ஒம்போதாவதுல இருந்து டிகிரி வரைக்கும். ஏழுல நாலு இங்க படிச்சிருக்கணும். பாப்பாவுக்கு டிகிரி மூணு வருஷம் திருப்பதி. ஒம்போது, பத்து, ப்ளஸ் டூ, நாலும் பொன்னை. பொன்னை தமிழ்நாடு. ஒக்க சம்வத்ஸரம் தக்குவ."

ஓராண்டு குறைவு. அந்த ஓராண்டைக் குறைத்தவன் நான்தான்.

எங்கள் எல்லையோர ஊர்களில் இது புதிய செயல் அன்று. தமிழில் படிக்க வேண்டிய பிள்ளைகளை ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எல்லைக்கு அப்பால் உள்ள உறவினர் வீட்டில் விடுவார்கள். பேருந்தில் முக்கால் மணி நேரம். நடுவில் ஒரு சோதனைச் சாவடியும் நிறம் மாறிய மைல்கல்லும் தவிர, வேறு மாநிலத்துக்குப் போகிறோம் என்று சொல்ல எதுவுமில்லை. நான் தலைமை ஆசிரியராக இருந்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ்ப் பிரிவு என்று ஒரு பலகை தொங்கியது. கணக்கையும் அறிவியலையும் தமிழில் கற்பிக்க ஆறு ஆண்டுகளாக ஆசிரியர் நியமிக்கப்படவில்லை. எழுதினேன்; நினைவூட்டினேன்; மீண்டும் எழுதினேன். பதில் ஒன்றும் வரவில்லை. எனவே பொன்னையில் என் தங்கை லட்சுமம்மா வீட்டில் சந்தியாவை விட்டேன்.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவள் திரும்பி வர விரும்பினாள். சித்தூரில், எங்கள் பக்கத்து ப்ளஸ் டூவான இண்டர்மீடியட் சேர்கிறேன் என்றாள். நான் மறுத்தேன். இன்னும் இரண்டு ஆண்டு தமிழில் படித்தால் அடித்தளம் உறுதியாகும் என்றேன். அப்போது அவளை வரவிட்டிருந்தால் ஏழில் ஐந்து ஆண்டு இங்கே ஆகியிருக்கும். பிள்ளையின் படிப்பை வருடக்கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்க்கும் ஒரு விதி உண்டு என்று எனக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்?

நூற்றில் எண்பத்தைந்து இடங்கள் உள்ளூர்க்காரர்களுக்கு. மீதமுள்ள பதினைந்துக்கு எல்லாரும் போட்டியிடலாம். சந்தியாவின் தரவரிசை எண் அறுநூற்று நாற்பத்திரண்டு. உள்ளூர்க்காரியாக இருந்தால் அவளுடைய இட ஒதுக்கீட்டுப் பிரிவில் பெண்களுக்குரிய இடம் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. அடுத்த ஆண்டு வரை காத்திருந்தாலும் பயனில்லை. அந்த ஏழு ஆண்டுகள் முடிந்துபோனவை. அவை இனி மாறமாட்டா.

ரங்கையா எல்லாரிடமும் சொல்லும் வாக்கியத்தை என்னிடமும் சொன்னார். "இன்னொரு வருஷத்துக்கு ஸ்டடி சர்டிபிகேட் இருந்தா நாளைக்கு பத்து மணிக்குள்ள கொண்டாங்க." அதில் உள்நோக்கம் ஒன்றும் இருக்கவில்லை. விட்டுப்போன காகிதங்களை ஓடிப்போய்க் கொண்டுவரும் பெற்றோர் அன்று பலர் இருந்தார்கள்.

சந்தியா வெளியே வேப்பமரத்தடியில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். நான் அவளிடம் ஒரு சான்றிதழ் விட்டுப்போயிற்று என்று மட்டும் சொன்னேன். அவளைப் பட்டப்படிப்புத் தோழி ஒருத்தியின் அறையில் தங்கச் சொல்லிவிட்டுச் சித்தூர்ப் பேருந்தில் ஏறினேன். பூதலப்பட்டு வரும்வரை அரசாங்கத்தைத் திட்டினேன். பூதலப்பட்டைக் கடந்ததும் திட்டுவதை நிறுத்தினேன். அவள் எங்கள் பள்ளியில்தானே படித்திருக்க வேண்டும், ஆசிரியரை அனுப்பாதவர்கள் யார், அவள் படித்திருக்க வேண்டிய இடத்தில் படித்தாள் என்று எழுதினால் அது எவ்வளவு பெரிய பொய் என்று மனம் வாதிடத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பள்ளி அலுவலகத்தைத் திறந்தேன். 1989-90ஆம் கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பில் மேற்படி மாணவி இப்பள்ளியில் பயின்றார் என்று எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை குத்தினேன். அந்தத் தாளில் அடித்தல் திருத்தல் இல்லை. பொன்னைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழை உருவிவிட்டு அதன் இடத்தில் இதைச் செருகி, பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ரங்கையாவின் மேசையில் வைத்தேன். அவர் நான்காவது புள்ளியை வைத்தார். பிற்பகலில் சந்தியாவின் பெயரை அழைத்தார்கள். அவளுடைய பிரிவில் அன்று நிரம்பிய கடைசி இடம் அவளுடையது.

அதன்பின் வந்த ஒன்றரை ஆண்டை இப்போது எண்ணினால், எங்கள் வீடு அவ்வளவு கலகலப்பாக வேறெப்போதும் இருந்ததில்லை என்றே தோன்றுகிறது. எங்கள் மகன் கிரண்குமார் பெங்களூருக்குக் கணினி வேலைக்குப் போய்விட்டிருந்தான். ஊரில் மீசை முளைத்த பையன்களில் பாதிப்பேர் குவைத்திலும், மீதிப்பேர் சென்னைப் பக்கத்துப் புதிய தொழிற்சாலைகளிலும் இருந்தார்கள். எல்லாரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்த காலத்தில், சந்தியா மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாலரை மணிப் பேருந்தில் வந்து இறங்கினாள்.

முதல் இரண்டு மாதம் வகுப்பில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரிவுரையாளர் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசுவார். பிறகு இருபது நிமிடம் தெலுங்கில் விளக்குவார். தெலுங்கு அவளுக்குக் காதால் தெரியும், கையால் தெரியாது. ஆங்கிலம் கையால் தெரியும், அந்த வேகத்தில் காதால் தெரியாது. எனவே எது வந்தாலும் தமிழ் எழுத்தில் எழுதினாள். அவளுடைய ஒப்பந்தச் சட்டக் குறிப்பேட்டைத் திறந்தால், மூன்று மொழிச் சொற்களும் தமிழ் எழுத்தில் ஒரே வரியில் நிற்கும். நான் சிவப்பு மையால் திருத்தப் பேனாவை எடுத்தேன்.

"நைனா, கைய வைக்காத. இது எனக்குப் புரியறதுக்கு எழுதினது. மார்க்கு போடறதுக்கு இல்ல."

"ஒரு வாக்கியத்துக்காவது வினைமுற்று வேண்டாமா?"

"அந்த லெக்சரர் பேச்சுக்கே முற்று இல்ல. நான் எங்க போவேன்?"

விடுதியில் அவளுடைய குறிப்பேட்டை யாரும் இரவல் கேட்க முடியாது என்பதில் அவளுக்குப் பெருமை.

வழக்குமன்றம் என்றும் ஒன்று எங்கள் வாசலில் நடந்தது. எதிர்வீட்டுக் கங்கையாவின் ஆடு என் மனைவி வள்ளி போட்டிருந்த முளைக்கீரையை மேய்ந்துவிட்டது. அந்த வாரம் சந்தியா படித்திருந்த பாடமும் அதற்குத் தோதாக இருந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து நீதிபதி ஆக்கினாள். கங்கையா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவோடு நின்றார்.

"கனம் கோர்ட்டாரவங்களே, ஆட்டுக்கு எல்ல இன்னா தெரியும்? பச்சயா இருந்துச்சி, துன்னுச்சி."

"வேலி இருந்துச்சா இல்லியா?" என்று சந்தியா குறுக்கு விசாரணை செய்தாள்.

"இருந்துச்சி பாப்பா. ஆனா அது வேலின்னு ஆட்டுக்கு ஆரும் சொல்லல."

வள்ளி முறத்தைக் கீழே வைத்தாள். "இந்தக் கோர்ட்டுல நான் நிக்கமாட்டேன். ஜட்ஜி என் வூட்டுக்காரரு. எனக்கு எதிரா தீர்ப்பு சொல்லிட்டு எச்.எம். சாரு எங்க போயி சோறு துன்னுவாரு? அந்தாளு எனக்குதான் ஜெயிப்பு குடுப்பாரு. அப்ப கங்கையா அண்ணன் சும்மா இருப்பாரா?"

சந்தியா கைகொட்டிக் குதித்தாள். "அம்மா, இத்த எங்களுக்கு ஒரு வாரம் நடத்தினாங்க. தன்னோட விவகாரத்துல தானே ஜட்ஜா உக்காரக்கூடாது. நீ ஒரு வரியில சொல்லிட்ட!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். மறுநாள் கங்கையா தாமாகவே ஒரு கூடை சாணியைக் கீரைப் பாத்திக்குக் கொண்டுவந்து கொட்டினார். அத்துடன் வழக்கு முடிந்தது.

பெங்களூரிலிருந்து கிரண்குமார் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் ஒரே பாட்டு: "லா படிச்சி இன்னா பண்ணப் போறா? மூணு மாசம் கம்ப்யூட்டர் கத்துக்கினா இங்க வேல ரெடியா இருக்குது." சந்தியா தொலைபேசியை வாங்கி, "உன் கம்பெனி உன்ன தூக்கிட்டா யாருகிட்ட வருவ? என்கிட்டதான?" என்பாள். உயர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. எல்லையோரத்துப் பிள்ளைகள் படும் தொல்லைகளில் ஒன்றையாவது ஒருநாள் அங்கே எடுத்துச்சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள். எங்கள் குடும்பத்தில் என் தந்தை வரை ஒருவருக்கும் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. நீதிமன்றத்துக்குச் சாட்சியாகப் போனவர்கள்கூட இல்லை.

1997 நவம்பரில் ஒரு புதன்கிழமை மாலை அவள் வந்தாள். சனிக்கிழமை அல்லாத நாளில் அவள் வந்ததே இல்லை. தோள்பையைக் கூட இறக்கவில்லை.

"நைனா, நான் ஒம்போதாவது எங்க படிச்சேன்?"

"இது என்ன கேள்வி?"

"சொல்லு."

நான் வாயைத் திறப்பதற்கு முன், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த வள்ளி சொல்லிவிட்டாள். "ஒம்போதாவதா? பொன்னையிலதான். லட்சுமம்மா வூட்டுல அம்ம போட்டு இருபது நாளு படுத்துக்கினு இருந்தியே. நான் வேப்பல எடுத்துக்கினு வந்தேன். லட்சுமம்மா ராவும் பகலும் உன் பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தா. இன்னா இப்ப அதுக்கு?"

"சாட்சி முடிஞ்சிச்சி," என்றாள் சந்தியா. "அப்ப நான் எப்டி நைனா லோக்கல் ஆனேன்?"

அன்று காலை வகுப்பில் அரசியலமைப்புச் சட்டத்தில் எங்கள் மாநிலத்துக்கென்று இருக்கும் ஒரு பிரிவை நடத்தியிருக்கிறார்கள். உள்ளூர் மாணவர் யார் என்னும் விதியை விரிவுரையாளர் கரும்பலகையில் எழுதினார். எல்லாரும் தங்கள் ஆண்டுகளை விரலில் எண்ணிப் பார்த்தார்கள். சந்தியாவும் எண்ணினாள். மூன்று விரல்தான் மடங்கியது. கலந்தாய்வன்று விட்டுப்போயிற்று என்று நான் சொன்ன சான்றிதழ் அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

நான் சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்த விதி எவ்வளவு அநியாயமானது என்றும் சொன்னேன். ஆசிரியரை அனுப்பாதவன் எல்லை தாண்டிப் படிக்காதே என்று சொல்லலாமா, தாய்மொழியில் படித்த குற்றத்துக்குப் பிறந்த மண்ணில் அயலாள் ஆக வேண்டுமா, இதே கலந்தாய்வில் எத்தனைபேர் எத்தனை பொய்ச் சான்றிதழ் கொடுத்திருப்பார்கள் என்று என் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

"விதி அநியாயம்தான், நைனா," என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "அத்த ஒருநாளு கோர்ட்டுல போயி நானே சொல்லியிருப்பேன். இப்ப எந்த வாய வெச்சிக்கினு சொல்றது? மொத கேள்வியே, நீ எந்த சர்டிபிகேட்ல உள்ள வந்தேன்னு கேப்பாங்க."



"அந்த வருஷம் என் பேருக்கு அடுத்து லிஸ்டுல யாரு பேரு இருந்துச்சி தெரியுமா? ரூபா. வடமாலபேட்ட. அன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நின்னுட்டு அழுதுக்கினே வூட்டுக்குப் போனாளாம். ஒரு வருஷம் அவுங்க மாமா எஸ்.டி.டி. பூத்துல உக்காந்துக்கினு மீட்டர் பாத்துக்கினு இருந்தா. இந்த வருஷந்தான் சீட்டு கெடச்சிச்சி. இப்ப என் ரூம்லதான் இருக்குறா. என்ன மேடம்னு கூப்புடுறா, நைனா. சீனியர்னு என் பக்கெட்டுல தண்ணி புடிச்சி வெக்கிறா."

வள்ளி கையில் இருந்த கடலையை அப்படியே முறத்தில் போட்டாள். நான் ஏமாற்றியது அவளுக்கும் அப்போதுதான் தெரியும். "எச்.எம். சாரு," என்று மட்டும் சொன்னாள். அதில் எப்போதும் இருக்கும் கேலி அன்று இல்லை.

நான் கல்லூரிக்கு உண்மையை எழுதிவிடுகிறேன் என்றேன். சந்தியா வேண்டாம் என்றாள். எழுதினால் என் வேலை போகும். கிரிமினல் வழக்கு வரும். ஊர்ப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுப் பலகையையும் சேர்த்துக் கழற்றுவார்கள். "நான் வெளிய வந்துடறேன். சொந்தக் காரணம்னு எழுதிக் குடுத்துட்டு டி.சி. வாங்கிக்கறேன். மறுபடியும் பரிட்ச எழுதறேன். நான்-லோக்கலா எழுதறேன். கெடச்சா படிக்கிறேன்."

"கிடைக்காவிட்டால்?"

"கெடைக்கலன்னா அது என்னோட சீட்டு இல்ல."

நான் அதற்கு இணங்கினேன். என்னைக் காப்பாற்றுவதற்காக அவள் தன் ஒன்றரை ஆண்டுப் படிப்பை விட்டுவிட்டு வருகிறாள் என்பது தெரிந்தும் இணங்கினேன். ஓய்வு பெற எனக்கு ஐந்து ஆண்டுகள் இருந்தன. இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் ஓய்வூதியம் வாங்கும்போது அந்த மாலை எனக்கு நினைவு வராமல் போனதில்லை.

ஜனவரியில் அவள் விடுதியைக் காலிசெய்தாள். புறப்படும் அன்று ரூபாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ரூபா கட்டிலிலிருந்து எழுந்து நின்றாளாம். பிறகு, "ஒரு வருஷம்டி. ரெண்டு மாப்பிள்ளைங்க வந்து என்ன பாத்துட்டுப் போனானுங்க. ரெண்டாவது ஆளுக்கு சரின்னு சொல்லியிருந்தா இந்நேரம் நான் குவைத்துல சமையல் பண்ணிக்கினு இருப்பேன்," என்று கத்தியிருக்கிறாள். அதுவரை மேடம் என்றவள் அப்போதுதான் முதன்முறையாக டி போட்டாள். அதன்பிறகு தகரப் பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துப் பேருந்து நிலையம் வரை தூக்கிவந்தாள்.

ஊரில் சந்தியா தோற்றுவிட்டாள் என்ற பேச்சுக் கிளம்பிற்று. கங்கையாவே வந்து கேட்டார். "இன்னா சாரு, பாப்பா பெயிலாயிட்சாமே?"

நான், "ஆமாம்," என்றேன். வேறு என்ன சொல்வது? பாடம் நடத்தும்போது ஒரு சொல் பிழையாக வந்தாலும் பொறுக்காதவன் நான். அந்தப் பிழையை மூன்று ஆண்டுகள் ஊர் முழுவதும் நடமாட விட்டேன்.

அவள் படிப்பதற்குப் பொன்னைக்கே போனாள். லட்சுமம்மா ஏன் எதற்கு என்று கேட்காமல் பழைய அறையைக் கழுவிவிட்டுக் கொடுத்தாள். மே மாதம் தேர்வு எழுதினாள். ஜூலையில் முடிவு வந்தது. தரவரிசை எண் எழுபத்தொன்று. பொது இடங்கள் அந்தக் கல்லூரியில் ஒன்பதே. எழுபத்தொன்றுக்குக் கிடைக்குமா என்பது மற்றவர்கள் எந்தெந்த ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1998 ஆகஸ்டில் மீண்டும் அதே கூடம். இம்முறை காகிதங்களில் எதிலும் என் கையொப்பம் இல்லை. ஏழு ஆண்டுச் சான்றிதழ்களும் அந்தந்தக் கல்வி நிலையத்தாரே கொடுத்தவை. பொது இடத்துக்குப் போட்டியிடத் தேவையான, பெற்றோர் பத்தாண்டுக்கு மேல் இந்த மாநிலத்தில் வசிப்பதற்கான சான்றிதழை மண்டல வருவாய் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து வாங்கினேன். நான் வரத்தேவையில்லை என்று சந்தியா சொன்னாள். நான் வருவேன் என்றேன். சரி, ஆனால் பேசாமல் நிற்க வேண்டும் என்றாள்.

மேசைக்குப் பின்னால் ரங்கையா. தலைமுடி சற்று நரைத்திருந்தது. பென்சில் அப்படியே இருந்தது. புள்ளி வைத்து எண்ணினார். மூன்றில் நின்றார். விண்ணப்பத்தில் நான்-லோக்கல் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார். சந்தியாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாஸ்டரு, ரெண்டு வருஷம் முன்னால லோக்கல்ல வந்தது இந்தப் பாப்பாதானே?"

சந்தியாவின் கை மேசை விளிம்பைப் பற்றியது. "சார், அது வந்து..." என்று தொடங்கினாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்காக ஒரு பொய்யைச் சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று தோன்றியது. அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியாது.

"அப்போது நான் கொடுத்த ஒன்பதாம் வகுப்புச் சான்றிதழ் பொய்," என்றேன். "நானே எழுதி நானே முத்திரை குத்தியது. அவளுக்கு அப்போது தெரியாது. தெரிந்ததும் கல்லூரியை விட்டு வந்துவிட்டாள். நான் எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையொப்பமிடுகிறேன்."

கூடத்தில் பேச்சு நின்றது என்று எனக்குப் பட்டது. உண்மையில் நின்றிருக்காது. மின்விசிறிகள் ஓடின, பக்கத்து மேசையில் யாரோ சாதிச் சான்றிதழுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள். ரங்கையா பென்சிலைக் காதில் செருகினார்.

"அதி நேனு அடகலேது, மாஸ்டரு," என்றார். நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு, சந்தியாவின் காகிதங்களை அடுக்கித் தட்டி நேராக்கினார். "இந்த வருஷம் காகிதம் எல்லாம் கரெக்டா இருக்கு. அது மட்டும்தான் என் வேல. வெனக்க சாலா மந்தி உன்னாரு. ஜரகண்டி."

பின்னால் நிறையப்பேர் நிற்கிறார்கள், நகருங்கள். மலைமேல் பெருமாளைக் கண்ணாரப் பார்ப்பதற்குள் நம்மைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிடும் அந்தச் சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அங்கே கேட்கும்போது கோபம் வரும். இங்கே கோபம்கூட வரவில்லை. என் குற்றத்தை நான் வாய்விட்டுச் சொல்லியும் அதை வாங்கிக்கொள்ள அந்தக் கூடத்தில் ஆள் இல்லை. நகர்ந்தேன்.

"பேசாம நிக்கச் சொன்னேனே," என்றாள் சந்தியா. ஆனால் என் கையிலிருந்த குடையை வாங்கித் தானே வைத்துக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குப் பொதுப் பட்டியல் அழைக்கத் தொடங்கினார்கள். முதல் ஐந்து பேரில் இருவர் விசாகப்பட்டினம் கேட்டார்கள், ஒருவர் ஐதராபாத். திருப்பதியின் ஒன்பது இடங்களில் ஏழு நிரம்பியபின் என் மகளின் பெயர் வந்தது. திருப்பதி என்று அவள் சொன்ன குரல் கூடத்தின் கடைசி வரிசையில் நின்ற எனக்குக் கேட்டது.

வெளிவாசலில் ரூபா நின்றிருந்தாள். நான் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. ஒல்லியான பெண்; வெள்ளைச் சுடிதார்; கையில் இரண்டாம் ஆண்டுப் பாடப் புத்தகங்கள். சந்தியா அருகில் போனதும் அவள் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

"ஏ ஃபர்ஸ்ட் இயர். சீனியரப் பாத்தா நிக்கத் தெரியாது?"

"சாரி, மேடம்."

"பேரு?"

"சந்தியா, மேடம்."

"லோக்கலா, நான்-லோக்கலா?"

"நான்-லோக்கல், மேடம்."

"சத்தமா சொல்லு. அந்தக் கேட்டு வாட்ச்மேனுக்குக் கேக்கணும்."

"நான்-லோக்கல், மேடம்!" என்று சந்தியா கத்தினாள். காவலாளி திரும்பிப் பார்த்தார். இருவரும் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். சிரிப்பு நடுவில் ஒருத்திக்கு அழுகையாக மாறியது. யாருக்கு என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

நான் அருகில் போனேன். அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று பேருந்தில் வரும்போதே ஒரு வாக்கியத்தைக் கட்டிவைத்திருந்தேன். எழுவாய், பயனிலை எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

ரூபா கண்களைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் சந்தியா நைனாவா?"

"ஆமாம், அம்மா."

"நான் யாரு வூட்டுப் பெரியவங்களப் பாத்தாலும் வணக்கம் சொல்லுவேன், சார். உங்களுக்கு சொல்லமாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சந்தியா அவளைத் தடுக்கவில்லை. நான் தலையசைத்தேன். கட்டிவைத்திருந்த வாக்கியம் அப்படியே உள்ளே தங்கிவிட்டது. அவர்கள் இருவரும் பேசிக்கொண்டே விடுதிப் பக்கம் நடந்தார்கள். அலுவலகத்தில் யாரும் எனக்குக் கொடுக்காத தண்டனையைக் கொடுப்பதற்கு உரிமை உள்ள ஒருத்தி கொடுத்துவிட்டாள் என்பதில், வெட்கத்தோடு கூடவே எனக்கு ஓர் ஆறுதலும் இருந்தது. சித்தூர்ப் பேருந்துக்கு நேரம் இருந்தது. நான் நடந்தே நிலையத்துக்குப் போனேன்.